தெரியுதா டீச்சர்

எங்கள் பள்ளியில் உயிரியல் நடத்துபவருக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் 'தெரியுதா டீச்சர்.' நான் அந்த ஆய்வகத்தைப் பெருக்கித் துடைத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறவன். பதினொரு வருடமாக அவருடைய எரிச்சலுக்கெல்லாம் முதல் சாட்சி.

எரிச்சல் வராமல் என்ன செய்யும்? நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம், ஒரே ஒரு மைக்ராஸ்கோப். வெங்காயத் தோலை உரித்துக் கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பொருத்துவது நான். பிள்ளைகள் வரிசையில் வந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிவார்கள்.

"தெரியுதா?"

"தெரியுது டீச்சர்."

"நகரு. அடுத்த ஆள்."

பிறகு இடத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்து வரைவார்கள். செங்கல் அடுக்கினாற்போல் செல்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் புள்ளியாக ஓர் உட்கரு. டீச்சர் தலையில் அடித்துக்கொள்வார். "கண்ணால பாத்ததை வரையுங்கடான்னா, புத்தகத்துல பாத்ததை வரையுதுங்க. என்ன பண்றது அண்ணே?" என்பார். ஆனால் பரீட்சையில் புத்தகப் படத்துக்குத்தான் மதிப்பெண். ஆகவே அவரும் பத்துக்குப் பத்து போட்டுவிடுவார்.

இந்த வருடம் கண்ணாடி போட்ட ஒரு பெண் குனிந்தவள் நிமிரவே இல்லை.

"தெரியல டீச்சர்."

"நல்லாப் பாரு."

"புகை மாதிரி இருக்கு. நடுவுல முடி முடியா ஏதோ ஓடுது."

வரிசையில் சிரிப்பு. மணியடிக்க ஆறு நிமிடம், இன்னும் பதினாறு பேர் பாக்கி. "உனக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போகும்? இத்தனை பேர் பொய்யா சொல்றாங்க?" என்று டீச்சர் கத்திவிட்டார். அவள் தன் இடத்துக்குப் போய், சாம்பல் நிறத்தில் ஒரு வட்டமும் அதற்குள் கிளைகிளையாகச் சில கோடுகளும் வரைந்து கொடுத்தாள். டீச்சர் அதில் சிவப்பு மையால் பூஜ்யம் போட்டு, 'கவனக்குறைவு. மீண்டும் வரைக' என்று எழுதினார்.

அன்று சாயங்காலம் கோபம் தணியாமல் டீச்சரே வந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். வெங்காயத் தோலை நகர்த்தினார்; கோடுகள் நகரவில்லை. கண் வைக்கும் குழாயைத் திருகினார். கோடுகளும் கூடவே திரும்பின. லென்ஸைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தோம். உள்ளே பூஞ்சை வேர்விட்டுப் படர்ந்து கண்ணாடியையே அரித்திருந்தது.

"அண்ணே, நீங்க தினம் பாக்கலையா?"

"துடைக்கிறதுதான் என் வேலை டீச்சர். பாக்கிறது நீங்கன்னு நெனச்சேன்."

"நான் போர்டுல படம் போட்டுக்கிட்டு இருந்தேன். நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. எத்தனை வருடப் பிள்ளைகள் பூஞ்சையைப் பார்த்துவிட்டு உட்கருவை வரைந்தார்களோ!

மறுநாள் நாலு மணிக்குப் பள்ளிக்குத் தேவையான பொருள்களின் பட்டியல் மேலிடத்துக்குப் போக இருந்தது. வருடத்துக்கு ஒரு தடவைதான். அதில் புது மைக்ராஸ்கோப்பைச் சேர்க்கச் சொல்லி, அன்று மூன்று மணிக்கு மேல் தலைமையாசிரியர் முன் போய் நின்றோம். அவர் பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டினார்.

"அச்சடிச்ச மாதிரி வரைஞ்சிருக்காங்களேம்மா. நீங்களே பத்துக்குப் பத்து போட்டிருக்கீங்க. அப்புறம் எதுக்குப் புதுசு?"

"நீங்களே வந்து ஒரு தடவை பாருங்க சார்."

"நான் கணக்கு வாத்தியார். எனக்கு அதுல என்ன தெரியும்? ஒரு நோட்டுலயாவது தெரியலங்கிற மாதிரி படம் இருந்தா காட்டுங்க, பட்டியல்ல சேர்க்கிறேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். டீச்சர் சிவப்புப் பேனாவால் கெட்டார். ஆனாலும் அவர் முகம் மலர்ந்தது. "இருக்கு சார். ஒண்ணு இருக்கு!"

மணி மூன்றரை. வராந்தாவில் அவர் ஓட, சாவி குலுங்க நானும் பின்னால் ஓடினேன். வகுப்பு வாசலிலேயே அந்தப் பெண்ணைப் பிடித்தோம்.

"உன் நோட்டைக் கொடும்மா, சீக்கிரம்!"

அவள் பயந்துபோய் நீட்டினாள். பழைய பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது. அதற்கடுத்த தாளில் செங்கல் செங்கலாகச் செல்கள், எல்லாவற்றிலும் உட்கரு. அளவுகோல் வைத்துப் பெயர்கள்கூடக் குறித்திருந்தாள். வகுப்பிலேயே அழகான படம் அதுதான்.

"அந்தத் தாள் எங்கம்மா?"

"கிழிச்சுப் போட்டுட்டேன் டீச்சர். குப்பையைக் காலையிலேயே எடுத்துட்டுப் போயிட்டாங்க."

டீச்சர் சுவரில் சாய்ந்துகொண்டார். அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். பிறகு அவள் தோளைப் பிடித்துக் கெஞ்சுவது போலக் கேட்டார்.

"நெசத்தைச் சொல்லும்மா. திட்டவே மாட்டேன். உனக்கு நேத்து இதெல்லாம் தெரிஞ்சுதா?"

அவள் டீச்சரின் கையில் இருந்த சிவப்புப் பேனாவைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுது டீச்சர்."