இரண்டாம் எண் துண்டு

காலை எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் செய்தி வந்தது. ஸ்டெல்லா அக்கா காலமானார். நெஞ்சுவலி.

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் உருக்காலை இருந்தது. சோதனைக்கூடத்தில் அவரும் நானும் மட்டும். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் ஒரு சிறு துண்டு எங்களிடம் வரும். அவர் சோதித்துக் கையெழுத்திட்டால்தான் சரக்கு வெளியே போகும். துண்டில் எண் தவிர எதுவும் இருக்கக் கூடாது. "யாருதுன்னு தெரிஞ்சா மனசு சாஞ்சுபோகும் கண்ணு" என்பார்.

உலைக்காரர் பழனிச்சாமி அண்ணன் சீண்டுவார். "எம்பட இரும்பு எனக்குத் தெரியாதுங்களா அம்மணி?"

"அப்பறம் எதுக்குங்ணா ரிசல்ட்டுக்கு இங்கயே நிக்கறீங்க?" என்பார் அக்கா.

இறக்குமதி வரி குறைந்தது. வெளிநாட்டு உருக்கு மலிவாக வந்து இறங்கியது. எங்களுக்கு எஞ்சியிருந்த பெரிய வாடிக்கையாளர் ஒரு பம்பு நிறுவனம். அவர்களும் தயங்கினார்கள். அந்த வெளிநாட்டு உருக்கில் ஒரு துண்டைக் கொண்டுவந்த முதலாளி, இது மட்டம் என்று அறிக்கை வேண்டும் என்றார்.

அக்கா என்னை எண் போடச் சொன்னார். ஒன்று எங்களுடையது. இரண்டு வெளிநாட்டுத் துண்டு. எனக்கு மட்டும் தெரியும்.

மாலையில் முடிவு. இரண்டும் தரமானவை. இரண்டாவதில் கந்தகம் குறைவு. அதாவது, ஒரு படி மேல்.

"அக்கா, எண்ண மாத்திப்போடலாங்களா?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம இரும்பு நல்லதுன்னு இத்தன வருசமாக் கையெழுத்துப் போட்டிருக்கறேன். இன்னைக்கு ஒண்ணு பொய்யின்னா அத்தனையும் பொய்யாப் போயிரும் கண்ணு."

முதலாளி படித்தார். "நம்ம சோத்துல நாமளே மண்ணள்ளிப் போடறதுங்களா?"

"அந்த மண்ணையும் குடுங்க. கந்தகம் எத்தனைன்னு பாத்துச் சொல்றேனுங்க."

முதலாளி சிரிக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. அப்படியே பம்பு நிறுவனத்துக்கு அனுப்பினார்.

ஆர்டர் கைவிட்டுப் போனது. சில மாதங்களில் உலை அணைந்தது. பழனிச்சாமி அண்ணன் காங்கேயத்தில் எண்ணெய் ஆலை வேலைக்குப் போனார். கிளம்பும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார், அக்காவிடம் தவிர. அக்கா அதைப் பற்றிப் பேசியதில்லை. ஒரே ஒரு முறை கேட்டார். "அண்ணன் நல்லாருக்காரா கண்ணு?"

செய்தி வந்த அன்று மாலை தேவாலய வாசலில் பழனிச்சாமி அண்ணன் நின்றிருந்தார். பஸ் பிடித்து வந்த வேர்வை. அக்காவின் தம்பி, "நீங்க யாருங்க?" என்று கேட்டார்.

"உங்கக்கா நல்ல இரும்புன்னு கையெழுத்துப் போட்டதெல்லாம் நானு உருக்குனதுங்க."

சொல்லிவிட்டுப் பெட்டிக்குத் தோள் கொடுத்தார்.

அக்கா, அவர் உங்களிடமும் சொல்லிக்கொண்டார். போய் வாருங்கள்.