நாங்கள் சேமித்த கரண்ட்

நான் கிளிநொச்சியில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவன். அப்படியிருந்தும் இந்தக் கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு பழைய பிரிட்ஜ் இருந்தது. மீள்குடியேறி வந்த புதிதில், ஓமந்தைப் பக்கம் பழைய சாமான் கடையொன்றில் வாங்கியது. வாங்கிய அன்றே அது ஓடவில்லை. ஓடவேண்டுமென்று நான் வாங்கவுமில்லை. காணி உறுதிப் பத்திரங்கள், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதற்குள்தான் கிடந்தன. கறையானும் எலியும் நுழைய முடியாத அலுமாரி வேறெங்கே கிடைக்கும்?

மனைவிக்குச் சீனி வருத்தம். இன்சுலின் ஊசி தொடங்கியபோது மருந்தைக் குளிராக வைத்திருக்கச் சொன்னார்கள். மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் போத்தலைப் புதைத்து வைத்தோம். வெயில் ஏற ஏற, மருந்து பழுதாகிவிடுமோ என்று எனக்கு ஒரே பயம்.

அப்போதுதான் நட்சத்திர பிரிட்ஜ் கதை வந்தது. கரண்டை மிச்சப்படுத்தும் திட்டமாம். அதிகம் கரண்ட் குடிக்கும் பழைய பிரிட்ஜைக் கொடுத்தால், ஐந்து நட்சத்திரம் ஒட்டிய புதியது விலை குறைத்து, கழிவில் கிடைக்கும். கழிவில்லாமல் வாங்க எனக்கு வசதியில்லை. ஒரேயொரு நிபந்தனை, பழையது ஓடவேண்டும்.

“எங்கடை ஒரு சொட்டுக் கரண்டும் குடிக்கேல்லையே. அதைக் குடுத்தா என்ன மிச்சம்?” மனைவி கேட்டாள்.

“சட்டம் அப்பிடித்தான்” என்றேன். எனக்கும் விளங்கவில்லை. விளங்கினவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

மல்லாவியிலிருந்து மெக்கானிக் வந்து, காஸ் அடித்து, ஏதோ வயர்களை மாற்றினார். பிரிட்ஜ் ஓடத் தொடங்கியது! உறுதிகளை எடுத்துக் கட்டிலில் பரப்பிவிட்டு மருந்தை உள்ளே வைத்தோம். பின்னேரம் மனைவி போத்தலை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள்.

“இது காணுமப்பா. புதுசு என்னத்துக்கு?”

நான் கேட்கவில்லை. பழையது நாளைக்கு நின்றுவிட்டால்? உண்மையைச் சொன்னால், அந்த ஐந்து நட்சத்திரத்திலும் எனக்கு ஆசை.

மூன்றாம் நாள், புதியதுக்குப் பதிந்திருந்த கடையிலிருந்து ஒருவர் லொறியில் வந்தார். கதவைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார். “நல்லா ஓடுது, சேர்” என்று பாராட்டினார். பிறகு முற்றத்துக்கு இழுத்துக்கொண்டுபோய், பின்பக்கக் குழாயை வெட்டினார். உஸ்ஸென்று காஸ் போனது. இனி யாரும் அதைப் பாவிக்கக்கூடாதாம்.

“உடைக்கிறதுக்கோ ஓட வைச்சனீங்கள்?” மனைவி என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

“புதுசு எங்க, தம்பி?” என்றேன்.

“ஸ்டொக் முடிஞ்சுது, சேர். அடுத்த கிழமை வரும்.”

மின்சாரத்தைச் சேமித்த குடும்பம் என்று நன்றி சொல்லும் தாளொன்றைத் தந்துவிட்டு, பழையதை ஏற்றிக்கொண்டு போனார்.

அந்த அடுத்த கிழமை போய் இன்னும் இரண்டு கிழமை போய்விட்டது. உறுதிகள் கட்டிலில் கிடக்கின்றன, நாங்கள் பாயில் படுக்கிறோம். தாளில் உள்ளது பொய்யென்றும் சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டில்தான் இப்போது பிரிட்ஜே இல்லையே.

இன்று காலையும் மனைவி போத்தலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சிரிக்கவில்லை. மணலுக்குத் தண்ணீர் தெளிக்கப் போனாள்.