தலைவர் வீட்டுப் பெண்ணுக்கு நான் சொல்லிக் கொடுத்தது

பதுளைக் கடைவீதியில் என் அப்பா துணிக்கடை வைத்திருந்தார். மதுரைப் பக்கமிருந்து வந்து கடை போட்ட எங்கள் ஆட்களுக்கெல்லாம் ஒரு தலைவர் இருந்தார். பெரிய பலசரக்குக் கடைக்காரர். கல்யாணமோ சாவோ, அவர் தலையசைக்காமல் எங்களுக்குள் எதுவும் நடக்காது.

மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்த என்னை அங்கேயே டீச்சராக வரச் சொன்னார்கள். தலைவர் அப்பாவைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டார்: “பொம்பளப்புள்ள சம்பாத்தியத்துல சோறு திங்கப் போறீங்களா? நாளைக்கு நம்ம புள்ளைகளை எவன் கட்டுவான்?”

அப்பா தலைகுனிந்து நின்றார். நான் வேலைக்குப் போனேன். அன்றிலிருந்து எங்களை ஒதுக்கி வைத்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் அம்மா காய்ச்சலில் இறந்தபோது பாடை தூக்க எங்கள் ஆட்கள் ஒருவர்கூட வரவில்லை. பக்கத்துக் கடை முஸ்லிம் வியாபாரிகள்தான் தோள் கொடுத்தார்கள். தலைவர் தன் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. மறக்க விரும்பவும் இல்லை.

சில வருஷங்கள் கழித்து அவரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கடைசி மகளுக்குக் கொழும்பில் மாப்பிள்ளை பார்த்திருந்தார். அவர்களுக்கு இங்கிலீஷ் தெரிந்த பெண் வேண்டுமாம்.

“பழசை மனசுல வச்சுக்காதீங்கம்மா. கொஞ்சம் பேச, வாசிக்கச் சொல்லிக் குடுத்தாப் போதும்.”

“அதுக்கென்னங்க, அனுப்புங்க” என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவர் கேட்ட அளவோடு நான் நிறுத்தவில்லை. அவள் கெட்டிக்காரப் பெண். எனக்குத் தெரிந்த அத்தனையையும் அவளுக்குக் கொடுத்தேன். ஆசிரியப் பயிற்சி என்று ஒன்று இருப்பதை அவள் காதில் போட்டதும் நான்தான். கல்யாணப் பந்தல் போடுவதற்கு முன்பே அவள், எங்கள் பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்கார மிஷன் துரைசாணியோடு பண்டாரவளைக்குப் போய், பயிற்சிப் பள்ளிக்கு ரயிலேறிவிட்டாள்; பதுளைக்கு அப்போது ரயில் வந்திருக்கவில்லை.

தலைவர் என் வீட்டு வாசலில் வந்து கத்தினார். “என் குடும்பத்தையே கெடுத்துட்டியேடி!”

“ஆமாங்க, நான்தான். எங்கம்மா செத்தன்னைக்கு வாசல்ல நின்னு பாத்தீங்கல்ல? இப்ப நான் பாக்குறேன்.”

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் உள்ளே போகவில்லை. அழுது முடிக்கும்வரை நின்று பார்த்தேன். மகளை அடக்கத் தெரியாதவர் என்று எங்கள் ஆட்கள் அவரைத் தலைமையிலிருந்து இறக்கிய அன்று வீட்டில் பாயசம் வைத்தேன்.

அவள் இப்போது ஹல்துமுல்லைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாள். ஒருமுறை லீவில் வந்தபோது கேட்டாள்: “எனக்காகவா சொல்லிக் குடுத்தீங்க டீச்சர், இல்ல எங்கப்பா மேல இருந்த கோபத்துலயா?”

“கோபத்துலதான்.”



“தெரியும். தெரிஞ்சுதான் படிச்சேன்” என்றாள். “மாப்பிள்ளை பேசுறப்ப என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா எங்கப்பா?”