கருமாதித் துறையை மேப்புல குறிக்காம விட்ட அன்னிக்கு

அன்னிக்கு அந்த சமுதாயக் கூடத்துல இருந்தவங்க மொத்தம் பன்னண்டு பேர்.

இன்ஜினியர் சார் ஒருத்தர். மேப்பைச் சுருட்டி அக்குள்ல வெச்சுக்கிட்டு வந்த அசிஸ்டெண்ட் ஒருத்தர். எங்க தெருப் பக்கம் ஆம்பளைங்க ரெண்டே பேர்... கோயில் பூசாரியும், டெய்லர் அண்ணனும். மத்தவங்க எல்லாம் ஓசூர்ல ஷிப்ட். பெண்கள் எட்டு பேர். அதுல நான், எதிர்வீட்டு ரத்னம்மா, அப்புறம் ஆடி பதினெட்டுக்காக மத்தூர்ல இருந்து வந்திருந்த என் நாத்தனார் மல்லிகா.

எதையும் எழுதி வெக்கிற பழக்கம் எனக்கு. அந்த நோட்டைப் பார்த்துத்தான் சொல்றேன்.

வெள்ளிக்கிழமை. புது பேப்பர் வாசனையும் ஊதுவத்தி வாசனையும் கலந்து வந்துச்சு. நல்ல காரியமாச்சேன்னு மேப்போட நாலு மூலைக்கும் நான்தான் மஞ்சள், குங்குமம் வெச்சேன்.

தென்பெண்ணை ஆத்தங்கரையை அழகு பண்ணப் போறாங்க. நடைபாதை, லைட்டு, பெஞ்சு, கரை நெடுக கம்பி வேலி.

"நடக்கறதுக்கு ரோடாம்" அப்படின்னா ரத்னம்மா. "காலையில இருந்து அடுப்படிக்கும் தண்ணித் தொட்டிக்கும் நான் நடக்கறதை அளந்தா பெங்களூரே வந்துரும்."

எல்லாரும் சிரிச்சோம். சாரும் சிரிச்சார்.

அப்புறம் ஒரு சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை என் கையில குடுத்தார். "நீங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களா இருக்கீங்க. ஜனங்க எங்கெங்க ஆத்துல எறங்கறீங்களோ அங்க ஒரு வட்டம் போடுங்கம்மா. அங்க மட்டும் வேலியில வழி விட்டு, படி கட்டிக் குடுத்துருவோம்."

பள்ளிக்கூடத்துல நான் அஞ்சாவது தாண்டல. மத்தது எல்லாம் நானா படிச்சுக்கிட்டது. அந்தப் பேனாவைப் பிடிச்சப்போ எனக்கு எவ்ளோ பெருமை...

பிள்ளையார் கோயில் படிக்கு ஒரு வட்டம். துணி தொவைக்கிற பாறைக்கு ஒண்ணு. மாடு தண்ணி குடிக்கிற எடத்துக்கு ஒண்ணு. ஆடி பதினெட்டுக்கு முளைப்பாரி விடற எடத்துக்கு ஒண்ணு.

மல்லிகா என் முழங்கையைத் தொட்டா. மெதுவா, காதுகிட்ட... "அண்ணி, கருமாதித் துறையை விட்டுட்டீங்க."

"வாயை மூடுடி. குங்குமம் வெச்சு ஒக்காந்திருக்கோம், இந்த நேரத்துல அந்தப் பேச்சா?"

"இல்ல அண்ணி, அவங்களுக்கு எப்பிடித் தெரியும்..."

"எல்லாம் தெரியும். ஊருக்கு ஊர் இருக்கறதுதான."

சார் கேட்டார், "வேற எதுனா விட்டுப்போச்சாம்மா?"

பூசாரி தரையைப் பார்த்தார். டெய்லர் அண்ணன் என்னைப் பார்த்தார். எட்டுப் பொம்பளைங்கள்ல ஒருத்தருக்கும் வாய் வரல. அந்தத் துறையில தலை முழுகாத குடும்பம் எங்க தெருவுல ஒண்ணு கூடக் கெடையாது.

சார் இன்னொரு தடவையும் கேட்டார்.

"அவ்ளோதான் சார்" அப்படின்னு பேனாவை மூடினது நான்தான்.

வட்டம் போட்ட எடத்துல எல்லாம் சொன்ன மாதிரியே படி வந்துச்சு. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். கருமாதித் துறைக்கு நேரா நெஞ்சு ஒசரம் கம்பி வேலி வந்துச்சு. வேலை நடக்கும்போதே பார்த்தோம். அப்பவும் யாரும் போய்ச் சொல்லல. எங்க வீட்டுல சாவு விழும், வழி விடுங்கன்னு யார் வாயால கேக்கறது...

அடுத்த மாசியில எங்க மாமியார் தவறிட்டாங்க.

பதினாறாம் நாள் காரியம். பிள்ளையார் படியில கருமாதி பண்ண யாருக்கும் மனசு வராது. முளைப்பாரி விடற எடத்துலயும் ஆகாது. வேலி முடியற எடத்தைத் தாண்டி அந்தாண்ட போனோம். முள்ளுக்குள்ள ஒத்தையடிப் பாதை. எப்பவோ மண்ணு அள்ளின குழி அங்க தண்ணிக்கடியில இருக்கறது ஆம்பளைங்களுக்கே தெரியல. தண்ணி மேல நுரை மூடிக் கெடந்துச்சு.

பெத்த மக மூணு முழுக்குப் போடணும். மல்லிகா எறங்கினா.

ஒரு முழுக்கு. எந்திரிச்சு முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "வழுக்குது அண்ணி, நீங்க பார்த்து வாங்க" அப்படின்னா.

ரெண்டாவது முழுக்குக்கு அரை அடி உள்ள போய் முழுகினா.

அவ்ளோதான்.

என் வீட்டுக்காரர் குதிச்சார். டெய்லர் அண்ணனும் குதிச்சார். வெளிய எடுக்கறதுக்கு மத்தியானம் ஆயிடுச்சு. அம்மாவுக்குக் கருமாதி முடிஞ்ச அன்னிக்கே மகளை மத்தூருக்கு வண்டியில ஏத்தி அனுப்பினோம்.

வெள்ளிக்கிழமை வெளக்கு ஏத்தறதை நான் விடல. சாமி மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா மஞ்சள், குங்குமம் எடுக்கும்போது எல்லாம் அவ வாயை நான் மூடினது ஞாபகம் வந்துருது. அபசகுனம்னு நெனச்சு அடக்கினேன். அவ அன்னிக்கு அங்க பேசின ஒரே பேச்சு அதுதான்.

முன்ன எல்லாம் கரையில லைட்டு கெடையாது, பெஞ்சு கெடையாது. அந்தப் பழைய துறையில மூணே மூணு தேஞ்ச கல்லு. அதுல எத்தினி குடும்பம் அழுதுக்கிட்டே எறங்கி, பத்திரமா ஏறி வந்திருக்கு. இப்ப சாயங்காலம் கம்பெனி பஸ்ல எறங்கறவங்க கொழந்தைங்களோட அங்க நடக்கறாங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கு. நான் ஒரு நாள் கூட நடந்ததில்ல.

இப்போ ரெண்டாவது கட்ட வேலைக்கு மேப் வந்திருக்கு. வர்ற வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கு, அதே கூடத்துல கூப்பிட்டிருக்காங்க. பழைய துறைக்கு வேலியில வழி வேணும், படி வேணும், பிடிச்சுக்க சங்கிலி வேணும்னு நான் சொல்லப் போறேன். சாவு, கருமாதின்னு பேரைச் சொல்லியே கேக்கப் போறேன். நான் ஒருத்தியா கேட்டா, பாவம், அந்தம்மா வீட்டுத் துக்கம்னு எழுதிக்கிட்டு விட்டுருவாங்க.

அன்னிக்கு என்னோடயும் மல்லிகாவோடயும் ஒக்காந்திருந்த ஆறு பொம்பளைங்க, பூசாரி, டெய்லர் அண்ணன்... எட்டுப் பேரும் இந்த வாட்ஸ்அப் குரூப்லதான் இருக்கீங்க. யார் யார் கூட வந்து பேசறீங்க? பேசறதுன்னா வாயைத் திறந்து பேசணும்.

புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரு வரி பதில் போடுங்க.