கைமாற்றாய்ப் போன மாத்திரை

கல்யாண வயதிலிருக்கும் என் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

அவர்கள் சிறுவர்களாக இருந்தபோது நான் மலேசியாவில் கேமரன் மலை தேயிலைத் தோட்டத்தில் லோரி டிரைவர். இன்னொரு பிரசவம் என் மனைவியின் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் மாதாமாதம் தானா ராத்தா டவுனிலிருந்து கர்ப்பத்தடை மாத்திரை வாங்கி வருவேன்.

ஒருமுறை அவளுக்கு மாதவிலக்கு தள்ளிப்போனது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டாயா என்று பதறிப்போய்க் கேட்டேன்.

“பக்கத்து வீட்டு ராணிக்குப் பாதி அட்டையைக் கொடுத்துட்டேங்க. டவுனுக்குப் போக அவகிட்ட பஸ் காசு இல்ல.”

“கைமாத்து கொடுக்க இதென்ன சீனியா, புள்ள?”

“அவளுக்கு ஆறு புள்ளைங்க லா! எப்படி இல்லைன்னு சொல்றது?”

நல்லவேளை, இருவருமே கர்ப்பமாகாமல் தப்பினார்கள். அதன்பிறகு டவுனுக்குக் கிளம்பும்போதெல்லாம் தோட்டத்து லைன் வீடுகளின் முன்னால் ஹாரன் அடிப்பேன். மாத்திரை வேண்டிய பெண்கள் லோரியில் ஏறிக்கொள்வார்கள்.