மஞ்சள் ஒட்டாத பெட்டி

“பொட்டி மேல உன் கையெழுத்துல பேரு எழுதினா மளிகைக் கடைச் சீட்டு மாதிரி இருக்கும்டி. இதுக்கு யாரு காசு குடுப்பா?”

கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்த தோழி இப்படிச் சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் அதிகமாக எரிந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலில் பேனா பிடித்தவள் நான். சிறுவாச்சூரில் எங்கள் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டும் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்களுக்குப் பாடம் நடத்திய மேடம் தன் மகளுக்குக் காதணி விழா வைத்திருந்தார். வீட்டில் பிடித்த முந்திரி உருண்டையைச் சின்னப் பெட்டிகளில் போட்டு, வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. நாங்கள் இருவரும் காகிதத்தில் பெட்டி செய்வது அவருக்குத் தெரியும் என்பதால், ஆளுக்கொரு மாதிரிப் பெட்டி கொண்டுவரச் சொல்லியிருந்தார். கிடைத்தால் அது என் முதல் ஆர்டர். ‘படிச்ச புள்ள பேப்பர் வெட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கு’ என்று அப்பாவின் காதுபட எங்கள் சொந்தக்காரர்கள் பேசுவது அதோடு நின்றுவிடும் என்று நினைத்தேன்.

தோழியின் வீடு பெரம்பலூர் டவுனில் இருக்கிறது. அவள் அம்மா டீச்சர். காகிதம் வெட்டுவதற்கு மட்டுமே அங்கே ஒரு மேஜை உண்டு. போனில் படத்தைக் காட்டினால் அப்படியே வெட்டித் தரும் சின்ன மெஷினும் உண்டு. நான் பழைய காலண்டர் அட்டையைத் தரையில் போட்டு, அதன்மேல் காகிதத்தை வைத்து பிளேடால் வெட்டுகிறவள். மெஷினைப் பார்த்துக்கூட எனக்கு அவ்வளவு பொறாமை வரவில்லை. அவள் நாலு வயதில் வெட்டி ஒட்டிய கலர் பேப்பர் பூவைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தபோது வந்தது. ஆறாம் வகுப்பில்தான் நான் கலர் பேப்பரைத் தொட்டேன். அதையும் வீணாக்காதே என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார்கள்.

ஆர்டர் அவளுக்குப் போனது. பளபளப்பான ரோஸ் கலர் பெட்டி, மேலே தங்க எழுத்தில் குழந்தையின் பெயர். என்னுடையது சொரசொரப்பான மங்கல் வெள்ளைக் காகிதம், கறுப்பு மையில் என் எழுத்து. ரெண்டுமே அழகு என்று மேடம் சொன்னார். தோற்றவளுக்குச் சொல்கிற வார்த்தை அது.

விழா அரியலூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. போகக்கூடாது என்று இருந்தேன். அப்புறம், அம்மா பிடித்த எள்ளுருண்டையை என் பெட்டி ஒன்றில் வைத்து, அவர்கள் கண்ணில் படட்டும் என்றே எடுத்துப் போனேன். அதை வாங்கிச் சீர்த்தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

மேடத்தின் மாமியார் மஞ்சளைக் கரைத்து எடுத்துவந்தார். பத்திரிகைக்கு வைப்பது போலவே, தோழி செய்த பெட்டிகளின் நாலு மூலைக்கும் மஞ்சள் வைக்க ஆரம்பித்தார். பளபளப்புக் காகிதத்தில் மஞ்சள் நிற்கவில்லை. முத்து முத்தாகத் திரண்டு வழிந்து, தங்க எழுத்தின்மேல் ஓடியது.

“என்னம்மா பொட்டி இது, மஞ்ச வழுக்கிக்கிட்டு ஓடுது. நல்ல காரியத்துக்கு மஞ்ச இல்லாம எப்படி நீட்டுறது?”

அந்தக் கையோடு என் பெட்டிக்கும் வைத்தார். காகிதம் மஞ்சளை அப்படியே உறிஞ்சிக்கொண்டது. வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது.

அதுவும் கொஞ்ச நேரம்தான். தோழி கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, “பெரியம்மா, என் பொட்டி இங்கிலீஷ் மீடியம், அதான் மஞ்சளுக்குப் பழக்கமில்ல” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பெட்டியில் கட்டியிருந்த துணி நாடாவைக் காட்டி, அதில் வைக்கச் சொன்னாள். மஞ்சள் அதில் பிடித்தது. வேலை முடிந்தது.

அவளுடைய மெஷினைவிட, மேஜையைவிட, அந்தச் சிரிப்பின்மேல்தான் எனக்கு இப்போது பொறாமை. அத்தனை பேர் நடுவில் தப்பாகப் போனதை அவளால் சிரித்துக் கழிக்க முடிகிறது. என் பெட்டியில் மஞ்சள் வழிந்திருந்தால் நான் அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போயிருப்பேன். எனக்கு நடக்கிற தப்பு என்னோடு நிற்காது, என்னைப் படிக்க வைத்தது வரைக்கும் பேச்சு போகும்.

சாப்பாட்டுப் பந்தியில், குழந்தையின் தாய்மாமன் மனைவி என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். விக்கிரமங்கலத்துக்காரர். மஞ்சள் வைத்த அந்த வெள்ளைப் பெட்டியை யார் செய்தது என்று விசாரித்திருக்கிறார். தை மாதம் அவர்கள் வீட்டில் கிரகப்பிரவேசமாம். “எங்களுக்கும் இதே மாதிரி செஞ்சு குடுக்குறியா கண்ணு?” என்று கேட்டார். சரிங்க என்றேன். குரல் கொஞ்சம் அதிகமாகவே எழும்பிவிட்டது. எதிர்ப்பந்தியில் இருந்த தோழிக்கு அது கேட்டிருக்கும். கேட்கட்டும்.

கை கழுவும் இடத்தில் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் வருத்தம் கொஞ்சம்கூட இல்லை.

“ஏய், அந்த பேப்பர் எங்கடி வாங்குன? எனக்கும் சொல்லேன்.”

“ஒரு எடத்துல கெடச்சுது” என்றேன்.

அரியலூரில் ஒரு பழைய அச்சகத்தில் கிடைத்தது. இப்போது எல்லோரும் வழவழப்பான பத்திரிகையே கேட்பதால், அங்கே அந்தக் காகிதம் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் நல்லவள், கேட்டால் எதையும் எனக்குத் தருவாள் என்று தெரியும். அது தெரிந்தும், மண்டபத்திலிருந்து நேராக அந்த அச்சகத்துக்குப் போய், மிச்சமிருந்த காகிதம் முழுவதையும் வாங்கி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.