ஸ்டெல்லா முதலில் கேட்ட கேள்வி

ஸ்டெல்லா இறந்துவிட்டாள். காலையில் அவள் கணவர் சூசை போன் செய்தார்... இன்னும் கை ஓடவில்லை.

தொண்ணூறுகளில் காரைக்குடியில் ஒரு சின்ன ஸ்கேன் சென்டரில் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் ரிசப்ஷன். அவள் லேப் டெக்னீஷியன்.

அவள் அப்பா கிட்னி போய் இறந்தவர். பிறகு அண்ணனுக்கும் அதே... இரண்டு கிட்னியிலும் கொத்துக் கொத்தாக நீர்க்கட்டி.

எங்கள் டாக்டர்தான் விளக்கினார். "செல்லு எம்புட்டு வளரணும், எப்ப நிக்கணும்னு பாத்துக்கிற ஜீன் ஒண்ணு இருக்கும்மா. உங்க குடும்பத்துல அது பழுது. அதான் கட்டி கட்டியா வளந்துருது. பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு."

அந்த ஜீனைக் கண்டுபிடித்துவிட்டதாக அவருடைய மெடிக்கல் பத்திரிகையில் வந்திருந்தது. ஸ்டெல்லா டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் படித்தாள்.

"மருந்து எப்ப சார் வரும்?"

"அது தெரியலம்மா."

அண்ணனுக்குத் தன் கிட்னியைக் கொடுப்பதென்று முடிவு செய்திருந்தாள். அப்போது அவளுக்குக் கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. "கல்யாணத்துக்கு முன்னாடியே குடுத்துட்டா யாரும் தடுக்க முடியாதுக்கா" என்றாள்.

கொடுக்க முடியுமா என்று பார்க்க, ஒரு மதியம் அவளே ஸ்கேன் டேபிளில் படுத்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் ஒரு பக்கம் பார்த்தார். மறுபக்கம் பார்த்தார். ஸ்க்ரீனைப் பார்த்தாலே புரியும் அவளுக்கு.

"அப்ப அண்ணனுக்குக் குடுக்க முடியாதா சார்?"

முதலில் கேட்டது அதைத்தான். தன்னைப் பற்றிக் கேட்க அவளுக்கு இரண்டு நாள் ஆனது.

மாப்பிள்ளை சூசை, புதுவயல் ரைஸ்மில்லில் மெக்கானிக். என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் அவளே சொன்னாள். "எனக்கு இந்த நோய் இருக்கு. பிறக்குற பிள்ளைக்கும் வரலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

சூசையின் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

நாலாம் நாள் சூசை சென்டருக்கு வந்தார். சட்டையெல்லாம் தவிட்டுத் தூசி. "டாக்டரப் பாக்கணும். அவுகளுக்கு என்னென்ன கவனிக்கணும்னு கேட்டுக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார்.

பிரஷர், உப்பு, தண்ணீர் என்று டாக்டர் சொல்லச் சொல்ல ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். வெளியே வந்தபோது லேப் வாசலில் ஸ்டெல்லா நின்றாள்.

"அம்மா ரெண்டு நாளா அழுதுச்சு. இப்ப சரியாயிருச்சு... நீங்க சாப்பிட்டீகளா?"

அன்றைக்குத்தான் ஸ்டெல்லா அழுதாள்.

அண்ணனுக்கு அவர் மனைவி கிட்னி கொடுத்தார். பல வருஷம் நன்றாக இருந்தார் மனிதர்.

ஸ்டெல்லாவுக்கு இருபது வருஷம் கழித்துத்தான் டயாலிசிஸ் தொடங்கியது. ஒரே மகள். அவளுக்கு ஸ்கேன் சுத்தமாக வந்த அன்று ஸ்டெல்லா எனக்குப் போன் செய்தாள்... "கட்டி இல்லக்கா" என்றாள். பிறகு மூச்சு மட்டும் கேட்டது.

இன்று காலை சூசை நிதானமாகத்தான் பேசினார். "நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்குறோம். நீங்க வந்துருவீகள்ல?"

வருகிறேன் என்றேன்.

முதல் பஸ்ஸில் வருகிறேன் ஸ்டெல்லா... அதுவரை இரு.